கடலுக்கு ஓர் உலக ஆட்சி தேடியவர்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைத் தாம்போதி வழியாகக் கடந்து தீவகத்துக்குள் நுழைபவர்கள் முதலில் காணும் ஊர்களில் ஒன்று அல்லைப்பிட்டி. 1977ஆம் ஆண்டு இவ்வூரின் மணலைத் தோண்டிய தொல்லியலாளர்கள், சீனத்தின் வட சொங் வம்சக் காலத்து மட்பாண்டங்களை வெளியே எடுத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீனக் கலங்களின் சரக்கு இக்கரையில் இறங்கியிருக்கிறது. சற்று மேற்கே நயினாதீவில், நாகபூசணி அம்மன் ஆலயத்தில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பிற தேசத்து வணிகர்கள் ஊராத்துறையிலே வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு என்று பங்கீடும் வகுக்கிறது. சிங்கள நாட்டு மன்னன் ஒருவன், அராபியரும் தென்னிந்தியரும் வந்து போகும் துறைக்காக, தமிழிலே பொறித்துவைத்த கடற் சட்டம் இது. கடலுக்கு நியாயம் வேண்டும் என்பது இத்தீவுகளுக்குப் புதிய செய்தியன்று.

எட்டு நூற்றாண்டுகள் கழிந்து, உலகின் கடல்கள் அனைத்துக்குமாக ஒரு பொது நியாயத்தை எழுதுவிக்கும் பொறுப்பு இதே நாட்டைச் சேர்ந்த ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. அவரது பெயர் கொழும்பின் இராஜதந்திர வட்டாரத்தில் இன்றும் மதிப்புடன் சொல்லப்படுகிறது. தமிழ், முஸ்லிம் மக்களிடையே அது ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. உலகுக்கு ஒரு ஜனநாயக ஆட்சி வேண்டும், போரையும் வறுமையையும் சூழல் அழிவையும் தனித்தனி அரசுகளால் தீர்க்க முடியாது என்று பேசியவர்கள் பலர். அவர்களிற் பெரும்பாலோர் காகிதத்தில் அரசியலமைப்பு வரைந்ததோடு நின்றுவிட்டார்கள். அமரசிங்க உலக அரசு என்ற சொல்லைக் கொடியாகப் பிடித்தவர் அல்லர். ஆயினும் அத்தகைய ஆட்சிக்கு மிக அண்மையில் மனித இனம் சென்றடைந்த இடம் எது என்று கேட்டால், அவர் தலைமையில் உருப்பெற்ற கடற் சட்டத்தையே காட்டவேண்டியிருக்கும். அது எங்கே நின்றுபோனது என்பதை அறிந்துகொள்ளவும் அவரது வாழ்க்கையே நல்ல வழிகாட்டி.

அவர் 1913இல் கொழும்பில் பிறந்தார். றோயல் கல்லூரியிலும் பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, 1937இல் இலங்கைச் சிவில் சேவையில் இணைந்தார். பிரித்தானிய ஆட்சியில் ஆரம்பித்துச் சுதந்திர இலங்கையிலும் தொடர்ந்த அந்தச் சேவையின் வழக்கமான படிகள் அனைத்தையும் அவர் ஏறினார். சுகாதார அமைச்சு, வாஷிங்டன் தூதரகம், துறைமுக நிர்வாகம், திறைசேரி என்று அது ஒரு நீண்ட பட்டியல். ஒரு பதவியை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அவர் கல்லோயா அபிவிருத்திச் சபையின் வதிவிட முகாமையாளராக இருந்தார். கிழக்கிலங்கையின் தமிழரும் முஸ்லிம்களும் கல்லோயா என்ற பெயரைச் சாதாரணமாகக் கடந்துசெல்ல மாட்டார்கள். அணையும் நீரும் விளைச்சலும் ஒரு பக்கம். அரசின் குடியேற்றத்தால் தம் மண்ணிலேயே தம் விகிதாசாரம் சரிந்ததைக் கண்ட மக்களின் வேதனை மறுபக்கம். அக்கொள்கையை வகுத்தவர் அவர் அல்லர். ஆனால் அரசு என்ற இயந்திரத்தின் உள்ளே நின்று பணியாற்றியவர் என்பதை மறைத்து அவரது வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது.

1963இல் அவர் இந்தியாவுக்கான உயர்ஸ்தானிகராகப் புதுடில்லி சென்றார். நேபாளத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்குமான தூதுவர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில், அவர் அங்கே இருந்த காலத்திலேயே, சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகியது. நாடற்றவர்களாக இருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று இரு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் வாழ்ந்த அம்மக்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இரண்டு அரசுகள் கூடினால் இலட்சக்கணக்கான மனிதர்களை எண்களாகப் பிரித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இப்பிராந்தியத்தில் இல்லை. அரசுகளுக்கு மேலே ஒரு சட்டம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மலையகம் சொல்லும் விடை இது.

1967இல் அமரசிங்க ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியாக நியமனம் பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, மோல்டா என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ பொதுச்சபையின் முதலாம் குழுவில் நீண்டதோர் உரையாற்றினார். எந்த நாட்டின் எல்லைக்கும் அப்பாலுள்ள ஆழ்கடற்படுகையும் அதன் கனிவளமும் எவருக்கும் தனிச் சொத்தாகக் கூடாது, மனிதகுலம் முழுமைக்குமான பொது மரபுரிமையாக வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம்.

இதன் புதுமை விளங்க வேண்டுமானால் தீவகத்தின் இன்னொரு பழைய கதையைப் பார்க்க வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. அல்லைப்பிட்டி அமைந்திருக்கும் வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. கடல் எல்லோருக்கும் திறந்தது, எவரும் அதனை உடைமையாக்க முடியாது என்று 1609இல் நூல் எழுதிய ஹியூகோ குரோஷியஸ் பிறந்த நகரம் டெல்ஃப்ட். அவர் கற்ற பல்கலைக்கழகம் லைடனில் இருக்கிறது. உயர்ந்த கொள்கைதான். ஆனால் அந்நூல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வழக்குக்காக எழுதப்பட்ட வாதத்திலிருந்து பிறந்தது. அதே கம்பனி இங்கு வந்தபோது முத்துக்குளிப்பையும் யானை வணிகத்தையும் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக இக்கடலில் தொழில் செய்த முஸ்லிம் வணிகர்களை நெருக்கியது. எல்லோருக்கும் திறந்த கடல், பீரங்கி வைத்திருப்பவனின் கடலாகவே முடிந்தது. பார்டோ இதனை மாற்றக் கேட்டார். எவருக்கும் சொந்தமில்லை என்பதை எல்லோருக்கும் சொந்தம் என்று திருத்தினால், எல்லோருக்குமாக அதனை நிர்வகிக்க ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பில் எல்லோருக்கும் குரல் வேண்டும். உலக ஆட்சி என்ற கருத்து கடலின் அடியிலிருந்து இவ்வாறு மேலே வந்தது.

இக்கருத்தை ஆராயப் பொதுச்சபை அமைத்த கடற்படுகைக் குழுவுக்கு அமரசிங்க தலைவரானார். 1968இல் 35 நாடுகளுடன் தொடங்கிய குழு 1973 ஆகும்போது 90ஐத் தாண்டிவிட்டது. வல்லரசுகளுக்கு வேண்டியது கப்பற் போக்குவரத்துச் சுதந்திரம். கரையோர நாடுகளுக்கு வேண்டியது 200 மைல். கடலே இல்லாத நாடுகளும் தமக்கொரு பங்கு கேட்டன. இவற்றையெல்லாம் ஒரே மேசையில் வைத்து 1970 டிசம்பர் 17ஆம் திகதி ஒரு கோட்பாட்டுப் பிரகடனத்தைப் பொதுச்சபையில் நிறைவேறச் செய்தமை குழுவின் முதற் பெரும் சாதனை. ஆதரவாக 108 நாடுகள் வாக்களித்தன, 14 நாடுகள் ஒதுங்கி நின்றன, எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. மனிதகுலத்தின் பொது மரபுரிமை என்ற சொற்றொடர் அன்றிலிருந்து உலகின் எழுதப்பட்ட கோட்பாடாயிற்று.

அதே ஆண்டுகளில் அவர் ஏற்ற இன்னொரு பொறுப்பு முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. 1967 யுத்தத்தில் இஸ்ரேல் கைப்பற்றிய பிரதேசங்களில் வாழும் மக்களின் மனித உரிமை நிலையை விசாரிக்க, 1968 டிசம்பரில் பொதுச்சபை ஒரு விசேட குழுவை உருவாக்கியது. இலங்கை, சோமாலியா, யூகோஸ்லாவியா ஆகிய மூன்று நாடுகள் கொண்ட அக்குழுவின் முதல் தலைவர் அமரசிங்க. இஸ்ரேல் அக்குழுவை உள்ளே அனுமதிக்கவில்லை. குழு அம்மான், டமஸ்கஸ், பெய்ரூத், கெய்ரோ என்று அயல் நகரங்களுக்குச் சென்று, அகதிகளின் வாக்குமூலங்களைக் கேட்டுப் பதிவு செய்தது. அறிக்கைகள் ஆண்டுதோறும் வந்தன, ஆக்கிரமிப்பு முடியவில்லை. பாதிக்கப்பட்டவனின் வாயிலை அடையக்கூட அனுமதி கேட்க வேண்டிய ஓர் உலக சபையின் இயலாமையை, எந்தக் கல்விமானையும்விட அவர் நேரில் அறிந்திருந்தார். கடற் சட்டத்தில் தீர்ப்பாயம் பற்றிய அத்தியாயத்தில் அவர் பின்னர் காட்டிய பிடிவாதத்துக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம்.

1973 டிசம்பரில் மூன்றாவது ஐ.நா. கடற் சட்ட மாநாடு நியூயோர்க்கில் கூடியபோது அதன் தலைவராக அமரசிங்க தெரிவானார். 150க்கும் மேற்பட்ட நாடுகள் பங்குகொண்ட மாநாடு அது. நடைமுறை விதிகளை வகுக்கும்போதே பெரும் சிக்கல் எழுந்தது. வாக்கெடுப்பு நடத்தினால் வளர்முக நாடுகள் எண்ணிக்கையால் எதையும் நிறைவேற்றிவிடும். கப்பலும் மூலதனமும் வைத்திருக்கும் நாடுகள் வெளியேறிவிடும். பின்னர் சட்டம் காகிதத்தில் மட்டும் இருக்கும். ஆகவே கருத்தொருமைக்கான முயற்சிகள் அனைத்தும் தீர்ந்துபோகும்வரை சாரமான விடயங்களில் வாக்கெடுப்பில்லை என்ற கனவான் இணக்கம் ஏற்கப்பட்டது. எண்ணிக்கைப் பெரும்பான்மை ஒன்றே ஜனநாயகம் என்று கருதி ஆளப்பட்ட நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்த விதியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. 1956இலும் 1972இலும் கொழும்பில் கைகளை எண்ணி நிறைவேற்றப்பட்டவற்றின் விலையை இந்நாட்டின் எல்லா இனத்தவரும் செலுத்தியாகிவிட்டது. உலகளாவிய ஆட்சி என்றால் பெரிய இனங்கள் சிறிய இனங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு, அந்த மாநாடு பின்பற்றிய நடைமுறை ஒரு பதில்.

ஆனால் கருத்தொருமை தானாகக் கனிவதில்லை. 1974 ஜூன் 20ஆம் திகதி கராகஸ் நகரில் தொடங்கிய இரண்டாம் அமர்வு பத்து வாரங்கள் நீடித்தும் ஒரு பொது வரைவுகூட உருவாகவில்லை. நூற்றுக்கணக்கான யோசனைகள் மட்டும் குவிந்தன. 1975இல் ஜெனீவா அமர்வு முடியும் தறுவாயில், மூன்று பிரதான குழுக்களின் தலைவர்களும் தத்தம் பொறுப்பில் ஒவ்வொரு வரைவைத் தயாரித்துத் தர வேண்டும் என்ற வழியை அமரசிங்க திறந்தார். எந்த நாட்டினதும் யோசனையாக இல்லாததால் எந்த நாடும் அதனை எதிரியின் காகிதம் என்று ஒதுக்க முடியவில்லை. பிணக்குகளைத் தீர்ப்பதற்கான பகுதியின் வரைவை மாநாட்டுத் தலைவர் என்ற முறையில் அவரே வெளியிட்டார். சமவாயத்தில் கையொப்பமிடும் நாடு, பிணக்கு எழுந்தால் கட்டாயத் தீர்ப்பு முறையொன்றுக்கு உட்பட வேண்டும் என்ற அடிப்படை அங்கிருந்தே வளர்ந்தது. பெரிய நாடும் சிறிய நாடும் ஒரே நீதிபதிக்கு முன் நிற்க வேண்டும் என்பது சர்வதேச உறவில் சிறிய மாற்றமன்று.

கராகஸ் அமர்வின் நாட்களில் எங்கள் கடலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாநாடு கூடிய சில நாட்களுக்குள், 1974 ஜூன் 26, 28ஆம் திகதிகளில், இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையின் எல்லைக் கோட்டை வரைந்து கைச்சாத்திட்டன. கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. 1976இல் மன்னார் வளைகுடா எல்லையும் வரையப்பட்டு, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று கடிதங்கள் பரிமாறப்பட்டன. கோடு அரசுகளுக்கு இடையிலானது. கோட்டின் இருமருங்கிலும் தொழில் செய்த நெடுந்தீவாரும் இராமேஸ்வரத்தாரும், தமிழரும் முஸ்லிம்களும், அந்தப் பேச்சு மேசையில் இல்லை. உலகின் கடலுக்கு ஜனநாயகம் பேசப்பட்ட அதே மாதத்தில் எங்கள் கடல் பழைய முறையிலேயே தீர்க்கப்பட்டது.

1976 செப்டெம்பரில் அமரசிங்க ஐ.நா. பொதுச்சபையின் 31ஆவது அமர்வின் தலைவரானார். கொழும்பில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; இலங்கையின் மதிப்பு அப்போது உச்சத்தில் இருந்தது. அந்த அமர்வில் சீசெல்ஸ், அங்கோலா, சமோவா ஆகியன உறுப்பு நாடுகளாயின. எங்கள் மாவட்டமொன்றின் சனத்தொகைகூட இல்லாத சீசெல்ஸுக்கும் அச்சபையில் ஒரு வாக்கு. சீனாவுக்கும் ஒரு வாக்கு.

1977 ஜூலையில் இலங்கையில் ஆட்சி மாறியது. புதிய அரசு அவரைத் தன் பிரதிநிதியாகத் தொடர்ந்து வைத்திருக்கவில்லை. 1978 வசந்தத்தில் மாநாட்டின் ஏழாம் அமர்வு ஜெனீவாவில் கூடியபோது, அதன் தலைவர் எந்த நாட்டுத் தூதுக்குழுவிலும் இல்லாதவராக இருந்தார். நாடற்ற ஒருவர் நாடுகளின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கலாமா என்ற கேள்வியில் கூட்டம் பல நாட்கள் சிக்கிக்கொண்டது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் கடுமையாக எதிர்த்தன. ஆசிய நாடுகள் அவரை விட்டுக்கொடுக்க மறுத்தன. இறுதியில் பெரும்பான்மை நாடுகள் அவரையே தலைவராக உறுதிப்படுத்தின. அவ்விவாதம் சட்ட நுணுக்கமாகவே நூல்களில் பதிவாகியுள்ளது. அதன் பொருளோ மிகப் பெரிது. எந்த அரசினாலும் அனுப்பப்படாத, எந்த அரசினாலும் திருப்பி அழைக்கப்பட முடியாத ஒரு மனிதர், மறைவு வரையான ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், உலகின் கடல்களுக்கான சட்டமியற்றும் அவைக்குத் தலைமை வகித்தார். உலகக் குடிமகன் என்ற சொல்லை மேடைகளில் எளிதாகப் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல்லுக்குரிய பதவியில் அமர்ந்து கடமையாற்றியவர்கள் மிகச் சிலரே.

அந்த ஆண்டுகளில்தான் வேலையின் பெரும்பகுதி முடிந்தது. 12 மைல் ஆட்சிக்கடல், 200 மைல் பிரத்தியேக பொருளாதார வலயம், நீரிணைகளினூடாகச் செல்லும் உரிமை, கடல் மாசடைவதைத் தடுக்கும் கடமை, ஆழ்கடற் சுரங்கத்துக்கான அதிகாரசபை ஆகியவற்றில் இணக்கம் ஏற்பட்டது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கண்டமேடையின் வெளி எல்லையைக் கணிக்க விசேட முறை ஒன்றும் ஏற்கப்பட்டது. இலங்கை 2009 மே மாதத்தில் சமர்ப்பித்த கோரிக்கை அதன்மேல் நிற்கிறது. 1980 கோடையில் வரைவு ஏறத்தாழ முழுமை பெற்றது. 1981இல் நிறைவேறிவிடும் என்று எல்லோரும் நம்பினர். 1980 டிசம்பரில் அமரசிங்க காலமானார். அடுத்த மாதம் அமெரிக்காவில் றீகன் பதவியேற்றார்; மார்ச்சில் அந்நாடு வரைவு முழுவதையும் மீளாய்வு செய்யப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரின் டொமி கோ தலைமைப் பொறுப்பை ஏற்று மாநாட்டை முடித்துவைத்தார். 1982 ஏப்ரல் 30ஆம் திகதி சமவாயம் வாக்கெடுப்புக்கு வந்தே நிறைவேறியது. ஆதரவு 130, எதிர்ப்பு 4, ஒதுங்கியோர் 17. எதிர்த்தவை அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, வெனிசுவேலா. அமரசிங்க உயிருடன் இருந்திருந்தால் வாக்கெடுப்பைத் தவிர்த்திருப்பாரா என்பது இனித் தீர்க்க முடியாத விவாதம். பொதுச்சபை அவர் பெயரால் கடற் சட்டக் கல்விக்கான புலமைப்பரிசில் ஒன்றை 1981இல் ஏற்படுத்தியது.

சமவாயம் 1994 நவம்பர் 16ஆம் திகதி அமுலுக்கு வந்தது. அதற்கு முன்னர், அதே ஆண்டு ஜூலையில், ஆழ்கடற் சுரங்கம் பற்றிய பகுதியைப் பணக்கார நாடுகள் தமக்கேற்பத் தளர்த்திக்கொண்டன. இருப்பினும் எஞ்சியது சிறிதன்று. ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரிலிருக்கும் சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபையின் பேரவையில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் ஒரு வாக்கு உண்டு; நியூயோர்க்கின் பாதுகாப்புச் சபையில் போல ஐந்து நாடுகளின் வீற்றோ அங்கில்லை. ஹம்பர்க் நகரில் கடற் சட்ட நியாயசபை இயங்குகிறது. இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் இடையே வங்காள விரிகுடாவில் 25,602 சதுர கிலோமீற்றர் கடலுக்குப் பிணக்கு இருந்தது. சமவாயத்தின்படி அமைந்த நடுவர் மன்றம் 2014 ஜூலையில் அதில் 19,467 சதுர கிலோமீற்றரைப் பங்களாதேஷுக்கு வழங்கியது. இந்தியா அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. ஒரு போர்க்கப்பலும் நகரவில்லை. 2024 மே மாதம் சிறு தீவு நாடுகள் கேட்டதற்கிணங்க, வளிமண்டலத்தை வெப்பமாக்கும் வாயுக்களும் கடலை மாசுபடுத்துபவையே, அவற்றைக் குறைப்பது நாடுகளின் கடமை என்று ஹம்பர்க் நியாயசபை ஆலோசனைக் கருத்து வழங்கியது. கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் உவர்நீர் புகும் தாழ்நிலங்களில் எங்கள் தீவுகளும் உள்ளன. நன்னீர்க் கிணறு என்பது தீவகத்தில் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை இங்குள்ளோர் அறிவர்.

இவ்வளவு கட்டியெழுப்பப்பட்ட வீட்டில் ஒரு கதவு மட்டும் வைக்கப்படவில்லை. மக்கள் நுழையும் கதவு. ஆழ்கடலில் கனிமம் தோண்ட ஒப்பந்தம் செய்த கம்பனி ஒன்று, அதிகாரசபையுடன் பிணக்கு ஏற்பட்டால், ஹம்பர்க்கிலுள்ள கடற்படுகைப் பிணக்கு மன்றத்தில் தன் பெயரிலேயே வழக்காடலாம். அல்லைப்பிட்டியில் நண்டு வலை பாய்ச்சும் தொழிலாளிக்கு அந்த உரிமை இல்லை. அவருக்காக அவரது அரசு பேச வேண்டும். அரசு பேசாவிட்டால் எவரும் இல்லை. பொருளாதார வலயத்துக்குள் மீன்வளத்தின் மீது கரையோர நாடு எடுக்கும் முடிவுகள் கட்டாயத் தீர்ப்பிலிருந்து விலக்கப்பட்டிருப்பது இன்னொரு பெரிய ஓட்டை.

இதன் விளைவைப் பாக்கு நீரிணையில் காணலாம். போர்க்காலத்தில் வடபகுதி மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போகத் தடுக்கப்பட்டிருந்தனர். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னாரின் கடற்றொழிலாளர்களும் இருந்தனர். 2009இன் பின் வலையை எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள், தமிழகத்தின் இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்வதைக் கண்டார்கள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அக்கரையில் படகுக் கடனில் மூழ்கிய கூலித் தொழிலாளி சிறைப்படுகிறார். இக்கரையில் வலை அறுபட்டவர் நட்டப்படுகிறார். இருவரும் ஒரே மொழி பேசுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு நடப்பதோ புதுடில்லிக்கும் கொழும்புக்கும் இடையில்.

அரசை மட்டுமே நம்பியிருப்பது எதில் முடியும் என்பதை அல்லைப்பிட்டிக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 2006 மே 13ஆம் திகதி இவ்வூரிலும் தீவகத்தின் வேறு இரு இடங்களிலுமாகச் சிறு குழந்தைகள் உட்பட 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் இவ்வூர்த் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் எறிகணை வீச்சில் உயிரிழந்தனர். சில நாட்களில் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். உறவுகள் நீதிக்காக ஜெனீவாவை நோக்கிக் கைநீட்ட வேண்டியிருப்பதும், ஜெனீவாவோ அரசுகள் அமர்ந்திருக்கும் சபையாகவே இருப்பதும், காஸாவின் மக்களுக்கும் எங்களுக்கும் பொதுவான அனுபவம்.

ஆகவே உலக ஆட்சி என்பதைக் கனவு என்று தள்ளுபவர்களிடம் அமரசிங்கவின் வாழ்க்கையைக் காட்டலாம். அது நடைமுறையில் பாதித் தூரம் வந்துவிட்டது. அரசுகள் அமரும் அவையோடு மக்களால் தெரிவு செய்யப்படும் அவையும் வேண்டும் என்ற கோரிக்கை, ஐ.நா.வுக்கான பாராளுமன்றப் பேரவை என்ற பெயரில் 2007 முதல் ஓர் இயக்கமாகவே நடந்துவருகிறது. ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களிக்கத் தொடங்கியது 1979இல். அதற்கு முன்னர் அதுவும் நடவாத காரியம் என்றே சொல்லப்பட்டது.

எதிர்க்காற்றும் வீசுகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், எந்த நாட்டின் எல்லைக்கும் அப்பாலுள்ள கடற்படுகையில்கூடத் தன் நாட்டுச் சட்டத்தின்கீழ் சுரங்க அனுமதி வழங்க வழிசெய்யும் ஆணையில் கையொப்பமிட்டார். 1970இல் எவரும் எதிர்க்காமல் நிறைவேறிய கோட்பாட்டின்மீது விழுந்த நேரடி அடி அது. மறுபுறம், ஆழ்கடல் உயிரினங்களைக் காப்பதற்காக 2023 ஜூனில் ஏற்கப்பட்ட புதிய ஒப்பந்தம் 60 நாடுகளின் உறுதிப்படுத்தலைப் பெற்று 2026 ஜனவரி 17 முதல் அமுலாகியுள்ளது. இலங்கைக்குத் தெற்கே அஃபனாசி நிகிட்டின் என்னும் கடலடி மலைத்தொடரில் கோபோல்ட் ஆய்வுக்கு இந்தியா 2024 ஜனவரியில் கிங்ஸ்டனிடம் அனுமதி கோரியது. அப்பகுதி தனது கண்டமேடைக் கோரிக்கைக்குள் வருகிறது என்பது இலங்கையின் நிலைப்பாடு. பெரிய அயலவருடன் சமமாக நிற்க இந்நாட்டுக்கு இருப்பது அமரசிங்க விட்டுச்சென்ற அந்த மேசைதான். அதை வெளியே எடுத்துப் பயன்படுத்தும் கொழும்பு, பாக்கு நீரிணைக்கும் அதுபோன்ற ஒரு மேசையை இட முன்வர வேண்டும். ஒடுங்கிய கடலைப் பகிரும் நாடுகள் மீன்வளத்தைக் கூடி நிர்வகிக்க வேண்டும் என்று சமவாயமே கேட்கிறது. அவ்வாறு அமையும் கூட்டுச் சபையில் ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, மன்னார், இராமேஸ்வரம் கடற்றொழிலாளர் சங்கங்கள் தெரிவு செய்து அனுப்புவோருக்கு வாக்குரிமையுள்ள ஆசனங்கள் வேண்டும். கரையில் நின்று மகஜர் கையளிக்கும் இடம் போதாது.